காத்துப் பட்ட நீலம்

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

இங்க சாயக் கழிவுநீர்ல பாக்டீரியாவை விட்டு நிறத்தைத் தின்ன வைக்கிறோம். நேத்து, மூடியிருந்த தொட்டியில நீலம் சுத்தமாப் போயிருந்துச்சு. ஜெயிச்சுட்டோம்னு குதிச்சு, ஒரு கண்ணாடி டம்ளர்ல மொண்டேன். காத்துப் பட்டதும் மேலேயிருந்து நீலம் மெல்ல இறங்குச்சு.

"நீலம் சாகலைடா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு"ன்னு லேப் அக்கா சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன்.

சாயப்பட்டறையிலயே உழைச்ச அப்பாவை எடுக்குறதுக்கு முன்னாடி குளிப்பாட்டினப்ப, நகத்து நீலம் போகலைன்னு தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். "விடுடா, வலிக்கும்"னு நீதானே என் கையைப் பிடிச்சே.

அப்பாவோட நகவெட்டியை அனுப்பி வை. இங்கேயும் கடையில கிடைக்குது. ஆனாலும் அதுதான் வேணும்.

ஷிப்ட் வண்டி வந்துடுச்சு. கையுறை போட்டுத்தான் வேலை பார்க்குறேன், பயப்படாதே. கட்டைவிரல் நகத்துல மட்டும்தான் லேசா நீலம்.

உன் மகன்