மெயின் சுவிட்சை அணைத்தது நான்தான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் கை போகிறது, ஆனால் உன்னிடம் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. உடம்புக்கு எங்கள் இருவருக்கும் புதிதாக ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருந்தால் அதுவே போதும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் காதுபட இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சமையல் மேடையில் தாளை வைத்து எழுதுகிறேன், இருப்புக்கொள்ளாமல் நடுநடுவே எழுந்து போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கம்ப்யூட்டர் தானாகக் கெட்டுப்போயிற்று என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா, அது தானாகக் கெடவில்லை, நான்தான் கெடுத்தேன். பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து, அப்பா இடது கை விரலால் தட்டத் தட்டப் பேசுகிறதே, நீ போட்டுக்கொடுத்த அந்தப் புரோகிராம்தான் அவருக்கு வாய். புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றவா என்று திரை பத்து நாளாக நச்சரித்தது, திங்கட்கிழமை காலை சரி என்று அமுக்கிவிட்டேன். எழுபது விழுக்காடோ என்னவோ காட்டிக்கொண்டிருந்தபோது டாக்டரிடம் போக வண்டி வந்துவிட்டது. வாசலைத் தாண்டும் முன் மெயினை அணைக்க வேண்டும் என்பது அப்பா வயரிங் வேலை பார்த்த முப்பது வருஷமும் இந்த வீட்டில் போட்ட சட்டம், உனக்கு மறந்திருக்காது. அவர் மேசையை ஓங்கித் தட்டினார். மெயினைத்தான் ஞாபகப்படுத்துகிறார் என்று நினைத்து, தெரியும் தெரியும் என்று சொல்லி அணைத்தே விட்டேன். அவர் இன்னும் பலமாகத் தட்டினார். வர்றேன்ல, என்ன அவசரம் என்று சிடுசிடுத்தேன், பாவி.

திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் வட்டம் சுற்றுகிறது, கறுப்பாகிறது, மறுபடி முதலிலிருந்து சுற்றுகிறது. நீ போனில் சொன்னபடி மூன்று தடவை அணைத்துப் போட்டதும் பழுதுபார்க்கும் பக்கம் வந்தது. பழைய பதிப்புக்குத் திரும்பு என்பதைத் தொட்டால் முடியாது என்கிறது. நேற்று கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்தார். உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சுட்டுப் புதுசா ஏத்திரலாம், அழிச்சுரலாமா சார் என்று அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் கையைத் தூக்கும் முன்னாலேயே நான் முந்திக்கொண்டு, அழிச்சுருங்க என்றேன். ஒரு வருஷமாக அவர் தட்டித் தட்டிச் சேர்த்துவைத்த வாக்கியங்கள் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன. இன்று மத்தியானம் அழிப்பதாகச் சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா நேற்றிலிருந்து மேசையைக்கூடத் தட்டவில்லை.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். கூடத்து ஃபேனைப் போடப் போனால், மெயின் சுவிட்சுக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் அச்சடித்த மாதிரி பெயர் எழுதி ஒட்டின மனுஷன், பயிற்சி தருகிற அம்மாள் இடது கையால் எழுதச் சொன்னபோது கோணல்மாணலாக வருகிறதென்று தாளையே கிழித்துப் போட்டவர். அந்தக் கையால் பெரிசும் சிறிசுமாக எழுதியிருக்கிறார். "என்னைக் கேள்." அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷமாக அவர் தட்டினால் தண்ணீர், தட்டினால் ஃபேன் என்று நானே முடிவு செய்துகொண்டிருந்திருக்கிறேன், ஒரு நாளாவது கேட்டேனா.

உடனே போய் உட்கார்ந்து, அழிக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கடைக்கு போன் போட்டேன், நல்லவேளை இன்னும் கை வைக்கவில்லை. முதலில் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி அப்பாவுடையதை எல்லாம் எடுத்துவைத்துவிட்டு, அப்புறம்தான் அழிப்பாராம். எடுக்க வருமா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார். கடைக்காரர் போனுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன், அடுப்பில் வைத்தது இரண்டு தடவை அடிப்பிடித்துவிட்டது.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அந்தப் பேசும் புரோகிராமை மறுபடி ஏற்றும்போது கேட்குமாம், அதன் சாவி எண்ணை மறக்காமல் அனுப்பு. இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு. அவருக்குத் தெரியாமல் எழுதத் தொடங்கிய கடிதம், அனுப்பட்டுமா என்று அவரிடமே கொடுத்துக் கேட்டேன். முழுதும் படித்தார். பேனாவை வாங்கினார். மேலே நான் எழுபது விழுக்காடு என்று எழுதியதை அடித்துவிட்டு எண்பத்து நான்கு என்று கோணலாக எழுதியிருப்பது அப்பாதான்.