இடது பக்கம், கீழே

அன்புள்ள நாத்தனாருக்கு,

'அன்புள்ள' என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்தால் தாள் அசிங்கமாகிவிடுமே என்று விட்டுவைத்திருக்கிறேன், நீ வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. ஏழு மாதமாக உன் அண்ணன் உன்னோடு போனில் பேச ஆரம்பித்தாலே நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. வருகிற பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, உங்கள் பிஸ்கட் கம்பெனி கால்பந்து அணி எங்கள் மருத்துவமனை மைதானத்துக்கு வருகிறது. இந்தப் பருவத்தின் முதல் ஆட்டமே உன்னோடுதான். சீட்டுக் குலுக்கி எடுத்தவரின் கைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

சலவைக்கூடத்தில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. மூன்றாம் நம்பர் மெஷின் இன்னும் உதறிக்கொண்டுதான் ஓடுகிறது. போர்வை மடிக்க எனக்கு ஜோடியாக ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். நான் 'மடக்கு' என்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓரடி முன்னால் வர வேண்டும். அவள் நின்று யோசிக்கிறாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் என் பக்கத்து மூலை தரையைத் தொட்டுவிடுகிறது. உன்னோடு ஒரு தள்ளுவண்டித் துணியை அரை மணியில் முடித்தவள் நான். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், வாய் கேட்கவில்லை.

நீ வேலை மாறிப் போனது தப்பென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே உன்னை ஆறு வருஷம் தற்காலிகமாகவே வைத்திருந்தார்கள், அங்கே நிரந்தரம் என்றார்கள். போகத்தான் வேண்டும். பத்தாம் நம்பர் சட்டையை என் அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனாயே, அதையும் விழுங்கிக்கொண்டேன். போன பருவத்தின் கடைசி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக ஆட வந்து நீ செய்ததைத்தான் விழுங்க முடியவில்லை.

போர்வைக்குச் சொல்லும் சொல்லையே ஆட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவளே நீதான். எதிராளி ஓடத் தயாராகும்போது நான் கோலில் இருந்து 'மடக்கு' என்று கத்துவேன், தடுப்பு வரிசையில் நிற்கும் நாலு பேரும் ஒன்றாக முன்னால் வருவார்கள், அவர்களுக்குப் பின்னால் தனியாக நின்றுபோகும் அவள் ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வாள், அவள் போடும் கோல் செல்லாது. அன்றைக்கு நீ என் குரலுக்காகவே காத்திருந்தாய். அவர்கள் நாலு பேரும் முன்னால் வரும்வரை அவர்களைத் தாண்டாமல் நின்றாய், பிறகு அவர்கள் தலைக்கு மேலே போன பந்தைத் துரத்தி ஓடி முதல் கோலைப் போட்டாய். போகட்டும், அது உன் மூளை. ஆனால் அடுத்த இரண்டு கோலும்? என் முகத்தையே அதற்கு முன் பார்த்திராத இரண்டு பெண்கள் ஒரே இடத்தில் அடித்தார்கள். இடது பக்கம், கீழே. உங்கள் பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நின்று, "இடது பக்கம் கீழ அடி, அவளுக்கு அந்தக் கால் வராது"ன்னு கத்தினதை என் காதால் கேட்டேன்.

என் இடது முழங்காலுக்கு வெந்நீர்த் துணி ஒற்றி எடுத்தவள் நீ ஒருத்திதான். கட்டிக்கொண்ட உன் அண்ணனுக்கே அது தெரியாது. ஆட்டம் முடிந்து கை கொடுக்க வந்தபோது நீ என் முகத்தைப் பார்க்காமல் என் கையுறையைப் பார்த்தாய். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்பது தோல்வி, ஏழு அணியில் ஏழாவது இடம். "இன்னொரு வருஷம் கடைசின்னா டீமே வேணாம், மைதானத்தை வண்டி நிறுத்துற இடமாக்கிடலாம்"னு நிர்வாகி எங்கள் எல்லோரையும் நிற்க வைத்தே சொல்லிவிட்டார். எக்ஸ்ரே பிரிவில் இருக்கும் நம் கேப்டன் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. எனக்கு உன் முகம்தான் கண் முன்னால் நின்றது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாளே மெஷினுக்கு வலது பக்கம் நின்ற நான் இடது பக்கத்துக்கு மாறினேன். ஈரத் துணி மூட்டையை இழுக்கும்போது பாரம் முழுக்க இடது காலில் விழும். முதல் மாதம் படியேறக்கூட முடியவில்லை. பிசியோதெரபி அறையில் இருப்பவர் திட்டித் திட்டியே பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு மூட்டையையும் உன் பெயரைச் சொல்லித்தான் இழுத்தேன், நல்ல விதமாக இல்லை. போன வாரம் கேப்டன் இடது பக்கம் கீழே இருபது அடித்தாள். பதினேழைப் பிடித்தேன்.

உங்கள் பயிற்சியாளரிடம் இதைச் சொல், தாராளமாகச் சொல். 'மடக்கு' என்று கத்துவேன் என்பதையும் சொல். நாலு பேரும் முன்னால் வருவார்களா, நின்ற இடத்திலேயே நிற்பார்களா என்பதை மட்டும் எழுத மாட்டேன். ஞாயிறு வரை நீ அதை யோசித்துக்கொண்டிரு. ஏழு மாதம் நான் யோசித்ததற்கு அது ஈடாகாது.

உன் அண்ணனிடம் யார் பக்கம் உட்காருவீர்கள் என்று கேட்டேன். நடுக்கோட்டுக்கு நேராக உட்காருவாராம். அப்படியானால் சாப்பாட்டையும் நடுக்கோட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. தடுப்பில் நிற்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவளை உனக்குத் தெரியும், மோதினால் சுவரே நகரும். நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ உன் கூடவே இருந்தவளாச்சே அக்கா, அவளுக்கு எங்க வலின்னு உனக்குத் தெரியாம இருக்காது. சொல்லு, ஒரே தட்டுல முடிச்சிடறேன்"னு கேட்டாள்.

சலவைக்கூட ஈரத்தில் நீ வழுக்கி விழுந்த அன்று உன் வலது கணுக்கால் பந்து மாதிரி வீங்கியது. தெரிந்தால் தற்காலிக வேலையும் போய்விடும் என்று, அழுக்குத் துணி வண்டியில் உன்னைப் படுக்க வைத்து, மேலே போர்வை போட்டு எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இன்றைக்கும் வலது பக்கம் திரும்பும்போது அந்தக் கால் அரை நொடி தயங்குகிறது. வாய் வரைக்கும் வந்தது. அவளிடம், "அவ இரும்பு மாதிரி. வலியாவது ஒண்ணாவது"ன்னு சொல்லிவிட்டு வந்தேன்.

இரக்கம் என்று நினைக்காதே. நொண்டிக்கொண்டு நீ பாதியில் வெளியே போனால் என் ஏழு மாதத்துக்கு என்ன மரியாதை? நீ தொண்ணூறு நிமிடமும் ஓட வேண்டும். இடது பக்கம் கீழே நீயே அடிக்க வேண்டும். அதை நான் பிடிக்க வேண்டும். அப்புறம் நீ என் கையுறையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வலது கணுக்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு வா. ஒற்றைக் கட்டு போதாது, நான் கட்டிவிடுவது போல எட்டு வடிவில் சுற்றிக் கட்டு. நல்லபடியாக வந்து, நல்லபடியாகத் தோற்று, நல்லபடியாக ஊர் போய்ச் சேர். ரயில் எட்டரைக்குத்தான். வேண்டுமானால் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
ஒன்றாம் நம்பர் சட்டைக்காரி,
உன் அண்ணி.