சீழ்த்துணிப் பாடம்

12 ஆகஸ்ட் 1991
செல் உயிரியல் மறுபடியும் போச்சு. பி.எஸ்சி.யில் மற்ற எல்லாத் தாளும் தேறிவிட்டேன், இந்த ஒரு அரியர்தான் காலை வாருகிறது. இது முடியாமல் பி.எட். கிடையாது. டீச்சர் வேலையும் கிடையாது.
அண்ணன் பனியன் கம்பெனியிலிருந்து வந்ததும் சொன்னான்: "நவம்பர்ல எழுது. அதுலயும் போச்சுன்னா புஸ்தகத்த மூட்ட கட்டிப்போட்டு, வர்ற மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டு."

20 ஆகஸ்ட்
நோட்ஸ் முழுக்கப் பெயரும் வருடமும்தான். மீஷர், 1869, நியூக்ளின். யாரய்யா நீ? உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?

8 செப்டம்பர்
அவிநாசி நூலகத்தில் ஒரு பழைய புத்தகம். மீஷர், ஆஸ்பத்திரியில் கழற்றிப்போட்ட கட்டுத்துணிகளை வாங்கி, சீழைக் கழுவி, அந்த செல்களின் உட்கருவிலிருந்து புதுப் பொருள் ஒன்றை எடுத்திருக்கிறார். அதுதான் இன்றைய டி.என்.ஏ.! அவருடைய பேராசிரியர் நம்பவில்லை. தானும் செய்து பார்த்துவிட்டுத்தான் அச்சில் விடுவேன் என்று இரண்டு வருடம் இழுத்தடித்தாராம். மீஷருக்கே இரண்டு வருடம் அரியர்!
அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "கருமம்! சீழ்த்துணி கசக்குனதயா உக்காந்து படிக்கற?"

19 செப்டம்பர்
படிக்கவில்லை. பக்கத்து நிட்டிங் மிஷின் சத்தம். தலைவலி.

6 அக்டோபர்
பெண் பார்க்க வந்துவிட்டார்கள். நவம்பர் வரைக்கும் என்று சொன்ன வாக்கு என்ன ஆச்சு? என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?
மாப்பிள்ளையின் அம்மா வேலாத்தாள் கேசரியை வாயில் போட்டுக்கொண்டே, "என்ன கண்ணு படிக்கற?" என்றார்கள். சொன்னேன். கட்டுத்துணி, சீழ், கழுவியது, எல்லாம். தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள்.
வேணும்னே சொன்னேனா? தெரியல. கேட்டாங்க, சொன்னேன்.

16 அக்டோபர்
"மானத்த வாங்கிப்போட்டயே" என்று அம்மா அழுகிறாள். சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லியனுப்பவே இல்லை. எனக்கும் அழுகைதான் வருது. இனி இந்தத் தாளும் போனால் எந்த முகத்தோடு இந்த வீட்டில் இருப்பது?

14 நவம்பர்
தேர்வில் மீஷர் வந்தார்! பத்து மதிப்பெண். கட்டுத்துணியிலிருந்து தொடங்கி எழுதினேன், எழுதினேன் — கடைசிக் கேள்விக்கு நேரமே இல்லை. முட்டாள். முட்டாள்.

23 ஜனவரி 1992
குழாயடியில் பக்கத்து வீட்டு மயிலாள் அக்கா ஏதோ கேட்டார்கள். அம்மாவின் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது.
"அந்தச் சீழ்த்துணிப் பாடத்துலயும் பாஸாயிப்போட்டாளுங்க. இப்பக் கல்யாணப் பேச்சே இல்லீங்க, பி.எட். படிக்கப் போறாளுங்க."
பி.எட். படிக்கட்டுமா என்று நான் இன்னும் வீட்டில் கேட்கவே இல்லை.