மூடிக்கும் பாட்டிலுக்கும் நடுவே

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஒரு குவியலிலிருந்து மருந்து பாட்டில்களின் வாயை அளந்தேன். மாலையில் வேறொரு குவியலிலிருந்து மூடிகளை. எங்கள் ஆய்வறையில் என்றைக்கும் அப்படித்தான். அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் பரவற்படி, பாட்டிலுக்கு நான்கு, மூடிக்கு மூன்று. இடைவெளி என்பது ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது. அளவுகளைக் கழித்தாலும் பரவற்படிகள் கூடத்தான் செய்யும். ஏழு. வரம்பு ஆறு. மருந்து கசியும். வார்ப்புப் பிரிவை நிறுத்தச் சொல்லி எழுத வேண்டும்.

அந்தப் பிரிவின் தலைவர் அக்காவின் கணவர். நான் இருப்பது அவர்கள் வீட்டில்.

மார்ச் 4

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "சொந்தக் கொழுந்தியா கையாலயே என் வேலை போகணும்னு இருக்கு," என்று அத்தான் சிரித்தார். பிறகு சிரிக்காமல், "ரெண்டும் ஒரே மிஷின்ல, ஒரே அடியில விழுது. பாட்டில் பெருத்தா மூடியும் பெருக்கும். நீ பிரிச்சுப் பிரிச்சு அளந்தா எப்படிம்மா?"

அக்கா என்னைப் பார்க்காமலே, "காதுல விழுந்துச்சாடி?"

விழுந்தது. இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் இடைவெளி அவ்வளவு அசையாது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையென்று நானாக எடுத்துக்கொண்டதால் வந்த ஏழு அது. இதைப் போய் எப்படி மறந்தேன்?

மார்ச் 6

ஒரே அடியில் விழுந்தவற்றை ஜோடி ஜோடியாக அளந்தேன். இரண்டும் எப்படிச் சேர்ந்து அசைகின்றன என்று காட்டும் உடன்மாறுபாடு மைனஸ். பாட்டில் பெருத்தால் மூடி சிறுக்கிறது! இடைவெளிக்கு ஏழு இல்லை, பன்னிரண்டு. அவரைக் காப்பாற்றப் போய் — ச்சே. யாருடி உன்னைக் கேட்டா?

மார்ச் 8

துணி உலர்த்தும்போது தோன்றியது: கழித்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கூட்டிப் பார்க்கவில்லையே. இரண்டும் சேர்ந்து இயல்நிலைப் பரவலில் இருப்பவை. கூட்டினாலும் கழித்தாலும் அதே மணி வடிவம்தான். மையமும் அகலமும் மட்டும் மாறும். கூட்டுத்தொகையின் பரவற்படி வெறும் இரண்டு. அப்படியென்றால் எதையோ இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்றுக்குக் கூடினால் மற்றதற்குக் குறைகிறது.

மார்ச் 9

அத்தானிடம் கேட்டேன். "தண்ணி," என்றார். "அச்சைக் குளிர வைக்கிற தண்ணி. ரெண்டுக்கும் ஒரே குழாய்."

பன்னிரண்டு, இரண்டு, குழாய் — எல்லாவற்றையும் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். பிரிவை நிறுத்திவிட்டார்கள். அத்தானைக் கிடங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 17

அக்கா பேசுவதில்லை.

ஏப்ரல் 7

தனித்தனிக் குழாய் போட்டாயிற்று. புது ஜோடிகளில் இரண்டு பரவற்படிகளும் சுருங்கிவிட்டன. உடன்மாறுபாடு பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. இனி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை; இடைவெளி ஆறுக்குள். அறிக்கையை அத்தான் நின்றபடியே படித்தார்.

"அப்போ நீ முதல்ல போட்ட தப்புக் கணக்கு இனிமே சரியா வருமா?"

"வரும் அத்தான்."

"நல்ல ஆளும்மா நீ," என்று, பிரிவுத் தலைவர் என அச்சிட்ட இடத்தில் மறுபடியும் கையெழுத்துப் போட்டார்.