இரண்டு தட்டு

காக்ஸ் டவுன், 3 ஜூன் 2025

அன்புள்ள ஆதிகேசவன் ஐயாவுக்கு,

போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது என்பதால் எழுதுகிறேன். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களை நுரையீரல் நோய் முற்றும் முன்பே கூப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். நேற்று உங்கள் முதுகை விரலால் தட்டியபோது வலப்பக்கச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கேன் எடுக்கலாம், பொறுத்தும் பார்க்கலாம். எனக்கு எடுப்பதுதான் சரியென்று படுகிறது. ஆனால் உடம்பு உங்களுடையது. உங்கள் வீட்டுக்காரம்மா தாயம்மாவிடம் பேசிவிட்டு எழுதுங்கள். சேர்ந்து முடிவெடுப்போம்.

டாக்டர் சங்கமித்ரா

சந்தாபுரா, 9 ஜூன்

டாக்டரம்மாவுக்குக் கும்பிடு.

ஸ்கேன் வேண்டாம் அம்மா. சுரங்கத்தில் இறங்கியதும் எங்கள் முதல் வேலை, கடப்பாரையால் தலைக்கு மேலே பாறையைத் தட்டிப் பார்ப்பது. காலிக் குடம் மாதிரி டொம்மென்றால் பாறை விரிசல் விட்டிருக்கிறது, ஓட வேண்டும். கெட்டியாகக் கேட்டால் அடியில் உட்கார்ந்து சோறே தின்னலாம். நீங்கள் தட்டியதைப் பக்கத்தில் நின்று கேட்ட தாயம்மா, "எடது பக்கம் டொம்முனு இருந்துச்சு, வலது பக்கம் நல்லா கெட்டியா இருந்துச்சு" என்றாள். கெட்டியான பக்கத்துக்கா ஸ்கேன்? நிம்மதியாகத் தோசை தின்றுவிட்டு பஸ் ஏறினோம்.

இன்னொன்று. நீங்கள் தட்டியதும் உள்ளேயிருந்து இரண்டு தட்டு திரும்பி வந்தது. காது போன எனக்கு அது எலும்பில் கேட்டது. பாறை வெடித்துச் சுரங்க வழி அடைபட்ட அன்று என் கூட்டாளி ரெமிஜியஸ் உள்ளேயிருந்து அப்படித்தான் தட்டினான். மேலதிகாரிகள் வழியை மூடச் சொன்ன பிறகும் தட்டிக்கொண்டிருந்தான்.

ஆதிகேசவன்

காக்ஸ் டவுன், 12 ஜூன்

ஐயா,

படித்ததும் பதறிவிட்டேன். நெஞ்சு பாறை இல்லை. உள்ளே காற்று இருக்க வேண்டும், டொம்மென்றால்தான் நல்லது. கெட்டியாகக் கேட்டால் நீர் கோத்திருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு வேண்டாம் என்றால் மதிப்பேன். தெரியாமல் சொன்ன 'வேண்டாம்' என்னிடம் செல்லாது. அந்த இரண்டு தட்டு உங்கள் இதயத் துடிப்பாக இருக்கும்.

சங்கமித்ரா

சந்தாபுரா, 16 ஜூன்

டாக்டரம்மா,

அடேயப்பா, எல்லாவற்றையும் தலைகீழாக அல்லவா நினைத்திருக்கிறேன்! ஆனாலும் பயம். நீரை எடுத்துவிட்டால் ரெமிஜியஸ் எங்கே போவான் என்று இருக்கிறது. தாயம்மாதான், "இத்தினி வருசமா தட்டறான், தொறந்து உட்டுடு" என்றாள். வருகிறோம்.

ஆதிகேசவன்

காக்ஸ் டவுன், 21 ஜூலை

ஐயா,

நல்லவேளை, சீக்கிரம் வந்தீர்கள். நீரை எடுத்தாயிற்று. காசநோய்தான், மாத்திரையில் தீரும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள். உள்ளே தட்டுவது நின்றுவிட்டது என்றீர்கள், சந்தோஷம்.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு நீர் எடுத்த அன்றிலிருந்து யார் முதுகைத் தட்டினாலும் என் விரலுக்கு இரண்டு தட்டு திரும்பி வருகிறது. நேற்று ஒரு கைக்குழந்தையின் முதுகிலும் வந்தது. சோதித்துப் பார்த்தால் எல்லோரும் நலம். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

சங்கமித்ரா

சந்தாபுரா, 25 ஜூலை

டாக்டரம்மாவுக்கு,

தாயம்மா உங்களுக்காக நெல்லிக்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். மாத்திரையை விடவில்லை.

கடப்பாரையில் அதிர்வு வந்தால் அது பாறையிலிருந்து வருகிறதா, பிடித்திருக்கும் கையிலிருந்து வருகிறதா என்று பிடித்தவனுக்குத் தெரியாது. அத்தனை பேர் முதுகிலும் அதே இரண்டு தட்டு என்றால், அது அவர்கள் முதுகில் இல்லை அம்மா. ஊர் முதுகையெல்லாம் தட்டுகிறீர்களே, உங்கள் முதுகை யாராவது தட்டிப் பார்த்தார்களா?

ஸ்கேன் எடுக்கலாம், பொறுத்தும் பார்க்கலாம். எனக்கு எடுப்பதுதான் சரியென்று படுகிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், சேர்ந்து முடிவெடுப்போம். நான் தட்டுகிறேன், தாயம்மா கேட்டுச் சொல்வாள்.

ஆதிகேசவன்