சிவப்பு வட்டம்

1997, அக். 9, வியாழன்

தூறல். சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை.

பீளமேட்டுப் பட்டறையில் விமானத்துக்குக் கடைசிப் பூச்சு முடிந்தது. சாம்பல் நிறம். ராணுவத்தின் போர்விமான வடிவமைப்புப் போட்டிக்கு எங்கள் மாதிரி. நிஜ அளவில் நான்கில் ஒரு பங்கு, ஆள் ஏறாதது. ஆறு வருட வேலை. செவ்வாயன்று நடுவர்கள் முன் பறக்க வேண்டும். தோற்றால் எங்களுக்கு அடுத்த விமானம் கிடையாது.

மூக்கின் இரு பக்கமும் காற்றழுத்தத்தை வைத்து வேகம் கணிக்கக் குண்டூசித் துளைகள். அடைபடக் கூடாது. சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். 'தொடாதே' என்று எழுத நினைத்தேன். பெயிண்ட் தீர்ந்துவிட்டது.

அக். 10, வெள்ளி

ஆயுத பூஜை. ஃபிட்டர் பழனிசாமி சந்தனத் தட்டோடு வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், லேத்துக்கெல்லாம் வெச்சாச்சுங்க. இவன மட்டும் வெறும் நெத்தியா உடறதுங்களா?"

"புதுப் பெயிண்ட்டுங்க. பூசிப்போடாதீங்க."

"ஒரே ஒரு பொட்டுங்க."

"எங்காச்சும் சின்னதா வெச்சுக்குங்க."

போன வருடம் நான் பூஜைக்கு நிற்கவில்லை. ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை அவர். இந்த முறை பொட்டை எங்கே வைக்கிறார் என்று நான் பார்க்கவில்லை. பொரி கொடுத்தார்கள். நமத்துப் போயிருந்தது.

அக். 14, செவ்வாய்

வெயில். நடுவர்கள் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்கள். பழனிசாமி விமானத்தைத் துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். சோதனைப் பட்டியலில் பத்தாவது வரி: துளைகளில் காற்று செலுத்திப் பார்த்தல். செலுத்தவில்லை. டிக் அடித்தேன்.

ஏறியது. நாற்பது விநாடி. மேலே போகப் போக, வேகம் குறைவதாகக் கருவி காட்டியது. அதை நம்பி, வேகம் கூட்டத் தானியங்கி மூக்கைக் கீழே தள்ளியது. சோளக்காடு.

ஒரு நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வீட்டில் மோர்சாதம்.

அக். 15, புதன்

சிதறியதைத் தார்ப்பாயில் பரப்பினோம். இரண்டு துளைகளிலும் காய்ந்த சந்தனம். ஊசியால் எடுத்தேன். இன்னும் வாசம் இருந்தது.

பொட்டு எங்கே வைத்தீர்கள் என்று பழனிசாமியிடம் கேட்டேன்.

"நீங்கதான் செவப்புல வட்டம் போட்டு எடங் குறிச்சு வெச்சிருந்தீங்களே மேடம், அதுக்குள்ளதானுங்க. ரெண்டு கன்னத்துலயும். எங்கூட்டுல கூடச் சொன்னேனுங்க, மேடம் வெளியதான் அப்படி, உள்ளுக்குள்ள சாமி இருக்குதுன்னு."

ஊசியைத் துடைத்து வைத்தேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

அக். 16, வியாழன்

டைரக்டர் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"பழனிசாமி பேர எழுதிப்போடுங்க. ரிட்டயர் ஆக ரெண்டு வருசந்தான். சொன்னா போயிருவாரு."

"டிக் என்னுதுங்க."

"அப்ப நீங்க போகோணுமுங்க, அம்மணி."

"சரிங்க."

அறிக்கையில் காரணம் எழுத இரண்டே வரி இடம். 'துளைகளில் அடைப்பு, சோதிக்கப்படவில்லை. சோதித்திருக்க வேண்டியவர் நான்.' அடங்கிவிட்டது. எதனால் அடைப்பு என்பதற்கு இடமில்லை. கையெழுத்து.

மேஜையைக் காலி செய்தேன். நோட்டு நான்கு, ஸ்கேல், டிபன் பாக்ஸ். பழனிசாமி அட்டைப்பெட்டி கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். லீவில் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல.

"உடுங்க மேடம். அடுத்ததுக்கும் நீங்களே வட்டம் போட்டுக் குடுங்க. இந்தவாட்டி பொட்டக் கொஞ்சம் பெருசாவே வெச்சுப்போடறேனுங்க."