ஐந்தாம் இலக்கத்து வெட்டு

கார்த்திகை, செவ்வாய் இரவு. மழை விடவில்லை.

உடுவில் ரீச்சர் இன்று பின்னேரம் தன் தொலைபேசியை எடுத்துப்போக வந்தார். மறைந்த கணவர் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது. விரலால் சுழற்றும் பழைய கறுப்புத் தொலைபேசி. மணி அடிப்பதில்லை என்று என்னிடம் திருத்தத் தந்திருந்தார். மணியைத் திருத்தினேன். அதோடு நின்றிருக்கலாம். சுழலும் வட்டு முழுக்கக் கீறலாக இருந்தது என்று அதையும் தேய்த்து, கண்ணாடி போல மினுக்கி வைத்தேன்.

மணியை அடித்துக் காட்டினேன். சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வட்டின் மேல் விரலை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார்.

"அஞ்சாம் இலக்கத்துக்குப் பக்கத்திலை ஒரு வெட்டு இருந்ததே, தம்பி?"

"கீறல் எல்லாம் எடுத்துப்போட்டன், ரீச்சர்."

"அவருக்குக் கண் தெரியாமல் போனாப்பிறகு அரத்தாலை தானே போட்டவர். அதைத் தடவித்தான் எனக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கோல் எடுக்கிறவர்."

"திரும்பப் போட்டுத் தாறன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அவர் கோபிக்கவில்லை. "வடிவாய்த்தான் செய்திருக்கிறியள். நீங்களே வைச்சிருங்கோ" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எத்தனையோ தரம் விலைக்குக் கேட்டும் அவர் தராத தொலைபேசி இது. இப்போது என் அலுமாரியில், மற்ற ஐரோப்பியத் தொலைபேசிகளுக்கு நடுவில் இருக்கிறது.

அந்த இடத்தை, அது திருத்த வந்த அன்றே காலியாக்கி வைத்திருந்தேன்.